இம்போர்ட்டின் பிணைப்புச் சோதனைகளின் வரலாறு

இம்போர்ட்டின் பிணைப்புச் சோதனைகள் என்பவை செல்லின் உட்கருவுக்குள் புரதங்களைக் கொண்டுசெல்லும் ஏற்பிகளைப் பற்றிய ஆய்வக முறைகள் ஆகும். அந்த ஏற்பிகளோடு ஒரு மூலக்கூறு ஒட்டுகிறதா, எவ்வளவு உறுதியாக ஒட்டுகிறது, அந்த ஒட்டுதலை எது தடுக்கிறது என்பதை இவை அளக்கின்றன. தவளையின் முட்டைச் செல்லில் ஊசியால் புரதத்தைச் செலுத்திப் பார்த்த காலத்தில் இவற்றின் வரலாறு தொடங்குகிறது. இன்று 384 சிறு குழிகள் கொண்ட ஒரே தட்டில் நூற்றுக்கணக்கான மருந்துப் பொருள்களைச் சோதித்துவிட முடிகிறது.

இது ஆய்வகத்துக்குள் மட்டும் அடங்கிய செய்தி அன்று. 2021ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையின்போது இந்தியாவில் மிகப் பலர் விழுங்கிய ஐவர்மெக்டின் மாத்திரையின் வைரஸ் எதிர்ப்புக் கதை இத்தகைய ஒரு பிணைப்புச் சோதனையில்தான் தொடங்கியது. எனவே இச்சோதனைகள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது மாணவர்களோடு பொதுமக்களும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

உட்கருவின் வாயில்

செல்லின் மரபுப் பொருளான டி.என்.ஏ. உட்கருவுக்குள் இருக்கிறது. ஆனால் புரதங்கள் உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் உருவாகின்றன. டி.என்.ஏ.வோடு வேலை செய்ய வேண்டிய ஒவ்வொரு புரதமும் வெளியிலிருந்து உள்ளே போயாக வேண்டும். இடையில் இரட்டைச் சவ்வு ஒன்று மதில்போல் நிற்கிறது. அம்மதிலில் துளைகள் இருப்பதை 1950இல் காலன், டாம்லின் ஆகிய இருவர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டனர்.

சிறிய மூலக்கூறுகள் இத்துளைகள் வழியே தாமாகவே கசிந்து செல்லும். மூலக்கூறு எடை ஏறத்தாழ 40,000 டால்டனைத் தாண்டினால் அவ்வாறு செல்ல இயலாது. நெய்வேலிச் சுரங்க வாயிலை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். காற்றும் தூசியும் தடையின்றிப் போகும். ஆள் போக வேண்டுமானால் அடையாள அட்டை வேண்டும். புரதத்தின் அடையாள அட்டை அதன் அமினோ அமிலச் சங்கிலியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சிறு பகுதியை உட்கரு முகவரிக் குறி எனலாம்.

இக்குறியை இம்போர்ட்டின் ஆல்ஃபா என்னும் ஏற்பி படித்துப் பற்றிக்கொள்கிறது. இம்போர்ட்டின் பீட்டா என்னும் துணைப் புரதம் அந்தச் சோடியைத் துளை வழியே உள்ளே கொண்டுசெல்கிறது. உள்ளே ரான் என்னும் சிறு புரதம், ஜி.டி.பி. என்ற மூலக்கூறைச் சுமந்தபடி வந்து, பீட்டாவைப் பற்றிச் சுமையை இறக்கச் செய்கிறது. இறக்கிய பின் ஏற்பிகள் வெளியே திரும்பி, அடுத்த சுமைக்குத் தயாராகின்றன. எச்.ஐ.வி., டெங்கு போன்ற வைரஸ்களின் சில புரதங்களும் இதே வழியைப் பயன்படுத்திக்கொள்கின்றன. அதனால்தான் இந்த ஒட்டுதலைத் தடுக்கும் பொருளைத் தேடும் முயற்சி தோன்றியது.

ஊசியும் பொன் துகளும்

தொடக்கத்தில் ஏற்பி என்ற ஒன்று இருக்கிறதா என்பதே தெரியாது. 1962இல் கார்ல் ஃபெல்தர் அமீபாவுக்குள் பொன் துகள்களைச் செலுத்தி, அவை உட்கருத் துளையின் நடுப்பகுதி வழியே போவதைக் காட்டினார். பொன் துகள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கரும்புள்ளியாகத் தெரியும் என்பதே அம்முறையின் வசதி.

1982இல் கேம்பிரிட்ஜில் டிங்வால், ஷார்ன்ஹோர்ஸ்ட், லாஸ்கி ஆகியோர் நியூக்ளியோபிளாஸ்மின் என்னும் புரதத்தை எடுத்துக்கொண்டனர். ஐந்து அலகுகள் சேர்ந்த அப்புரதத்தில் ஒவ்வோர் அலகுக்கும் ஒரு வால் உண்டு. வால்களை வெட்டி நீக்கிய புரதத்தைத் தவளை முட்டைச் செல்லின் சைட்டோபிளாசத்தில் செலுத்தியபோது அது உட்கருவுக்குள் போகவில்லை. ஒரே ஒரு வால் எஞ்சியிருந்தாலும் போயிற்று. வால் இல்லாத புரதத்தை நேராக உட்கருவுக்குள்ளேயே செலுத்தினால் அங்கேயே தங்கிவிட்டது. ஆகவே வால் தேவைப்படுவது உள்ளே தங்குவதற்கு அன்று, உள்ளே நுழைவதற்கே என்பது உறுதியாயிற்று.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1984இல், லண்டனில் கால்டெரோன் குழுவினர் எஸ்.வி.40 என்னும் குரங்கு வைரஸின் புரதம் ஒன்றில் முகவரிக் குறியை ஏழே அமினோ அமிலங்களாகச் சுருக்கிக் காட்டினர். புரோலின், லைசின், லைசின், லைசின், ஆர்ஜினின், லைசின், வாலின் என்பது அவ்வரிசை. அதில் 128ஆம் இடத்து லைசின் ஒன்றை மாற்றினாலே புரதம் வெளியே நின்றுவிட்டது. அதே ஆண்டில் ஃபெல்தர் குழுவினர் நியூக்ளியோபிளாஸ்மின் பூசிய பொன் துகள்கள் துளை வழியே செல்வதைப் படம்பிடித்தனர்.

ஏற்பி இருக்க வேண்டும் என்பதற்கு வலுவான சான்று 1986இல் கிடைத்தது. கோல்ட்ஃபார்ப் குழுவினர் இந்த முகவரிக் குறியை ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்து, வேறொரு பெரிய புரதத்தோடு இணைத்துத் தவளை முட்டைச் செல்லில் செலுத்தினர். அப்புரதம் உட்கருவுக்குள் போயிற்று. ஆனால் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் நுழைவின் வேகம் ஓர் எல்லையில் நின்றது. தனிக் குறிகளை மிகுதியாகச் சேர்த்தால் நுழைவு குறைந்தது. எல்லையுள்ள எண்ணிக்கையில் ஏதோ ஒன்று இக்குறிகளைப் பற்றிச் சுமக்கிறது, அதற்காகக் குறிகள் போட்டியிடுகின்றன என்பதே இதன் பொருள். இந்தப் போட்டி முறை பின்னர் வந்த சோதனைகளிலும் தொடர்ந்து கையாளப்பட்டது.

1990: துளையிட்ட செல்

ஊசியால் செலுத்தும் முறையில் ஒரு குறை உண்டு. உயிருள்ள செல்லுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கும்போது எது தேவை, எது தேவையில்லை எனப் பிரித்தறிய முடியாது. இதற்குத் தீர்வு கண்டவர்கள் அமெரிக்காவின் லா ஹோயா நகரிலுள்ள ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீவன் ஆடம், ரேச்சல் ஸ்டெர்ன்-மார், லாரி ஜெரேஸ் ஆகியோர். அவர்களது முறை 1990இல் வெளியாயிற்று.

டிஜிட்டாலிஸ் செடியிலிருந்து கிடைக்கும் டிஜிடோனின் என்ற பொருள் கொலஸ்டிராலோடு சேர்ந்து சவ்வில் துளையிடும். செல்லின் வெளிச்சவ்வில் கொலஸ்டிரால் மிகுதி. உட்கருச் சவ்வில் குறைவு. எனவே அளவறிந்து சேர்த்தால் வெளிச்சவ்வு மட்டும் துளைபடும், உட்கரு முழுமையாக இருக்கும். சைட்டோபிளாசத்தில் கரைந்துள்ள புரதங்கள் கழுவிப் போய்விடும். அதன்பின் ஒளிரும் சாயம் ஏற்றி, முகவரிக் குறியும் இணைத்த புரதத்தைச் சேர்த்தால் உட்கரு ஒளிர்வதில்லை. கழுவிப்போன சைட்டோபிளாசச் சாற்றைத் திரும்பச் சேர்த்தால் ஒளிர்கிறது. கோதுமை முளையிலிருந்து எடுக்கப்படும் லெக்டின் என்ற பொருளைச் சேர்த்தால் துளை அடைபட்டு ஒளிர்வு நின்றுவிடுகிறது.

இனி வேலை தெளிவாயிற்று. சாற்றைப் பிரித்துப் பிரித்து, எந்தப் பகுதி ஒளிர்வைத் திருப்பித் தருகிறது என்று பார்த்தால் போதும். 1993இல் ரான் புரதத்தின் தேவை இவ்வழியில் வெளிப்பட்டது. 1994இல் டிர்க் கோர்லிச் குழுவினர் தவளை முட்டைச் சாற்றிலிருந்து இம்போர்ட்டினைப் பிரித்தெடுத்தனர். அது இப்போது இம்போர்ட்டின் ஆல்ஃபா எனப்படுகிறது. அடுத்த ஆண்டு பீட்டாவும் அடையாளம் காணப்பட்டது. அதே 1995இல் ரெக்சாக்கும் குன்டர் புளோபலும் தூய்மையாக்கிய ஈஸ்ட் புரதங்களை மட்டும் கொண்டு, ஏற்பியும் சுமையும் ஒட்டுவதையும் ரான் அவற்றைப் பிரிப்பதையும் காட்டினர். புரதங்களில் அவற்றின் முகவரி எழுதப்பட்டிருக்கிறது என்ற கண்டுபிடிப்புக்காகப் புளோபல் 1999இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்.

ஒட்டும் இடம் கண்ணுக்குத் தெரிந்தது

ஏற்பியும் முகவரிக் குறியும் எங்கே, எப்படிப் பொருந்துகின்றன என்பது 1998இல் வெளிப்பட்டது. எலெனா கான்டி, ஜான் குரியன், புளோபல் ஆகியோர் அடங்கிய குழு ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஈஸ்ட் செல்லின் ஆல்ஃபா ஏற்பியைப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் ஆராய்ந்தது. ஜான் குரியன் 1977இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இளநிலைக் கல்வியைத் தொடங்கி, பின்னர் அமெரிக்கா சென்றவர்.

ஆல்ஃபா ஏற்பி, சுருள் சுருளாக அடுக்கிய நீண்ட வளைந்த வடிவம் கொண்டது. அதன் உட்புறத்தில் நீளவாட்டில் ஒரு பள்ளம் ஓடுகிறது. குறியிலுள்ள லைசின்கள் அப்பள்ளத்தில் வரிசையாகப் பொருந்தி அமர்கின்றன. ஒரு லைசினை மாற்றினால் ஏன் நுழைவு தடைபடுகிறது என்ற 1984ஆம் ஆண்டுக் கேள்விக்கு இங்கே விடை கிடைத்தது.

இத்தகைய புரத அமைப்புகள் சரியாக உள்ளனவா என்று சரிபார்க்க உலகெங்கும் பயன்படுவது ராமச்சந்திரன் வரைபடம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் 1963இல் அதை வெளியிட்டனர். புரதச் சங்கிலியின் மூட்டுகள் எந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் முடியாது என்பதை அது காட்டுகிறது.

குழித்தட்டில் அளக்கும் முறைகள்

ஒட்டுகிறதா என்பதோடு எவ்வளவு உறுதியாக ஒட்டுகிறது என்பதும் தெரிய வேண்டும். இதற்கு எலைசா முறை பயன்பட்டது. முகவரிக் குறியுள்ள புரதத்தைக் குழியின் அடியில் படியச் செய்வர். பல செறிவுகளில் இம்போர்ட்டினைச் சேர்த்து, ஒட்டாததைக் கழுவிவிடுவர். எஞ்சிய இம்போர்ட்டினை எதிர்ப்பொருளாலும் நொதியாலும் அடையாளம் கண்டால் நிறம் தோன்றும். நிறத்தின் ஆழத்தை அளந்து வரைபடம் போட்டால், பாதி அளவு ஒட்டுதலுக்கு எவ்வளவு செறிவு தேவை என்பது கிடைக்கும். இந்த எண் குறைவாக இருந்தால் பிணைப்பு உறுதியானது என்று பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஆல்ஃபா ஏற்பியின் முனைப் பகுதி ஒன்று, குறி அமர வேண்டிய பள்ளத்தில் தானே மடிந்து அமரக்கூடியது. போஸ்ட்ஜன் கோபே 1999இல் வெளியிட்ட படிக அமைப்பு இதைக் காட்டியது. பீட்டா வந்து அம்முனையைப் பற்றிக்கொண்டால்தான் பள்ளம் திறக்கும். ஆகவே ஆல்ஃபாவைத் தனியே வைத்துச் சோதித்தால் வரும் எண்ணும், ஆல்ஃபாவும் பீட்டாவும் சேர்ந்த சோடியில் வரும் எண்ணும் வேறுபடும். எதை வைத்து அளந்தார்கள் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிடுவது தவறு.

கழுவும் வேலையே இல்லாத முறை ஒன்றை ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் கைலி வாக்ஸ்டாஃபும் டேவிட் ஜான்ஸும் 2006இல் இம்போர்ட்டினுக்குப் பொருத்திக் காட்டினர். இதன் பெயர் ஆல்ஃபாஸ்கிரீன். இம்போர்ட்டின் ஒரு வகை நுண்மணியிலும் அதன் சுமை இன்னொரு வகை நுண்மணியிலும் பிடிக்கப்படும். முதல் மணியின்மீது 680 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி பட்டால் கிளர்ச்சியுற்ற ஆக்சிஜன் உண்டாகும். அது ஏறத்தாழ 200 நானோமீட்டர் தொலைவு மட்டுமே செல்லும். அதற்குள் இரண்டாம் மணி இருந்தால் அது ஒளிரும். இரண்டும் ஒட்டியிருந்தால் ஒளி, பிரிந்திருந்தால் இருள்.

மருந்து தேட இது மிக வசதியான முறை. ஒளி மங்கச் செய்யும் பொருள் எதுவோ அதுவே தடுப்பான் எனலாம். ஆனால் அப்படி உடனே முடிவு கட்டவும் கூடாது. ஆக்சிஜனை உறிஞ்சிவிடும் பொருளும், ஒளியை மறைக்கும் நிறமுள்ள பொருளும், புரதங்களைத் திரளச் செய்யும் பொருளும்கூட ஒளியை மங்கச் செய்யும். எனவே வேறொரு சோடிப் புரதங்களை வைத்து எதிர்ச்சோதனை செய்வது கட்டாயமாகிறது.

ஐவர்மெக்டின் நுழைந்த கதை

ஐவர்மெக்டின் புழுக்கொல்லி மருந்து. ஜப்பானிய மண்ணில் சடோஷி ஓமுரா கண்ட ஒரு நுண்ணுயிரியிலிருந்து வில்லியம் கேம்பெல் குழுவினர் உருவாக்கியது. இதற்காக இருவரும் 2015இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். தமிழ்நாட்டுக்கும் இம்மருந்து புதிதன்று. 1975இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆய்வு மையம், யானைக்கால் நோயைக் கட்டுப்படுத்த விழுப்புரம் மாவட்ட ஊர்களில் டி.இ.சி. மருந்தையும் ஐவர்மெக்டினையும் ஊரளவில் கொடுத்துப் பல சுற்றுகளாக ஆராய்ந்தது. புழுவுக்கு எதிராக அதன் மதிப்பில் ஐயமில்லை.

2011இல் வாக்ஸ்டாஃப், ஜான்ஸ் குழுவினர் எச்.ஐ.வி.யின் இன்டகிரேஸ் புரதமும் இம்போர்ட்டின் சோடியும் ஒட்டுவதைத் தடுக்கும் பொருள்களை ஆல்ஃபாஸ்கிரீன் முறையில் தேடினர். கிடைத்தவற்றுள் ஒன்று ஐவர்மெக்டின். 2012இல் அது செல்களில் எச்.ஐ.வி., டெங்கு வைரஸ்களின் பெருக்கத்தைக் குறைப்பதாக அவர்கள் தெரிவித்தனர். அது இம்போர்ட்டின் ஆல்ஃபாவோடு நேரடியாகப் பிணைவதாக 2020இல் வேறு முறைகளாலும் காட்டினர்.

டெங்குவுக்கு மனிதர்களிடம் பார்க்கப்பட்டது. தாய்லாந்தின் சிரிராஜ் மருத்துவமனை மருத்துவர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், டெங்கு வைரஸின் ஒரு புரதம் இரத்தத்திலிருந்து சற்று விரைவாக மறைந்தது. ஆனால் நோயாளிகளின் உடல்நிலையில் அதனால் பயன் தெரியவில்லை.

2020 ஏப்ரலில் லியான் காலியும் மோனாஷ் குழுவினரும் கொரோனா வைரஸ் தொற்றிய குரங்குச் சிறுநீரகச் செல்களில் 5 மைக்ரோமோலார் ஐவர்மெக்டின் சேர்த்தபோது, 48 மணி நேரத்தில் வைரஸின் மரபுப் பொருள் ஏறத்தாழ 5,000 மடங்கு குறைந்ததாக அறிவித்தனர். மனிதர்களிடம் சோதிக்காமல் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அப்பல்கலைக்கழகமே கூறியது. உலகம் 5,000 மடங்கு என்பதை மட்டும் பிடித்துக்கொண்டது.

ஓர் எளிய கணக்கு

பள்ளி வேதியியல் தெரிந்த எவரும் அப்போதே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கலாம். ஐவர்மெக்டினின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 875. ஆகவே 5 மைக்ரோமோலார் என்பது ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 4,375 நானோகிராம். வழக்கமான 12 மில்லிகிராம் அளவை விழுங்கினால் இரத்தத்தில் எட்டும் உச்ச அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராமை ஒட்டியே இருக்கும். இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 90 மடங்கு இடைவெளி. குழித்தட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். மனித உடலில் அவ்வாறு ஊற்ற முடியாது.

2021: இந்தியாவில்

2021 ஏப்ரலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் எய்ம்ஸும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில், லேசான கொரோனாவுக்கு விரும்பினால் கொடுக்கலாம் என்ற வரிசையில் ஐவர்மெக்டின் இடம்பெற்றது. மே 10 அன்று கோவா அரசு 18 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் நோய்த்தடுப்புக்காக இதைக் கொடுக்கப்போவதாக அறிவித்தது. அவ்வேளையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை அறிவியலாளராக இருந்த சென்னையைச் சேர்ந்த சௌமியா சுவாமிநாதன், மருத்துவ ஆய்வுகளுக்கு வெளியே கொரோனாவுக்கு இதைப் பயன்படுத்த அந்நிறுவனம் பரிந்துரைக்கவில்லை என்பதை வெளிப்படையாக நினைவூட்டினார்.

ஐவர்மெக்டினை ஆதரித்த ஆய்வுகளுள் பெரிதாகப் பேசப்பட்ட எகிப்திய முன்வெளியீடு ஒன்று, தரவுகள்மீது எழுந்த ஐயங்களால் 2021 ஜூலையில் நீக்கப்பட்டது. செப்டம்பரில் இந்திய வழிகாட்டுதலிலிருந்தும் ஐவர்மெக்டின் எடுக்கப்பட்டது.

2022இல் பிரேசிலில் நடந்த டுகெதர் ஆய்வின் முடிவு வந்தது. அதில் 1,358 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். மருத்துவமனைச் சேர்க்கையோ நீண்ட அவசர சிகிச்சையோ தேவைப்பட்டவர்கள், ஐவர்மெக்டின் பெற்ற 679 பேரில் 100 பேர். வெற்று மாத்திரை பெற்ற 679 பேரில் 111 பேர். பயன் உண்டு என்று சொல்லும் அளவுக்கு வேறுபாடு இல்லை.

இவ்வகைக் குலுக்கல் ஆய்வுக்கு உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று சென்னையிலேயே உண்டு. 1956இல் தொடங்கிய சென்னைக் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் வீட்டுச் சிகிச்சைக்கும் சானடோரியச் சிகிச்சைக்கும் பிரித்தது. சரியான மருந்துகள் கிடைத்தால் வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பயனைத் தரும் என்று 1959இல் அறிவித்தது. காசநோயாளிக்குச் சானடோரியம்தான் கதி என்ற நம்பிக்கை அதனால் தகர்ந்தது. சௌமியா சுவாமிநாதன் பிற்காலத்தில் இயக்குநராக இருந்தது அதே மையத்தின் வழிவந்த தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில்தான்.

பிணைப்புச் சோதனை வீண் அன்று

இவற்றைக் கொண்டு ஆய்வகச் சோதனைகளைக் குறை கூறுவது சரியாகாது. உட்கருவிலிருந்து புரதங்களை வெளியே கொண்டுசெல்லும் எக்ஸ்போர்ட்டின் என்ற உறவுப் புரதத்தோடு பிணையும் செலினெக்சார் என்னும் மருந்து, மல்டிபிள் மைலோமா என்ற இரத்தப் புற்றுநோய்க்கு 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதுவும் ஒட்டுதலைக் கண்டறிவதில் தொடங்கியதே. ஆனால் ஒவ்வொரு படியையும் தாண்டிய பிறகே நோயாளியின் கைக்கு வந்தது.

பிணைப்புச் சோதனை ஒரு கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறது: இந்த இரண்டும் ஒட்டுகின்றனவா? அதற்குமேல் நான்கு கேள்விகள் நிற்கின்றன.

1. ஒளி மங்கியது உண்மையான தடுப்பாலா, சோதனை முறையின் குறையாலா?
2. குழியில் கண்டது உயிருள்ள செல்லிலும் நிகழ்கிறதா?
3. அதற்குத் தேவையான செறிவு, பாதுகாப்பான அளவில் உட்கொள்ளும்போது மனித உடலில் எட்டக்கூடியதா?
4. குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட நோயாளிகளிடம் உண்மையான பயன் தெரிகிறதா?

புதிய மருந்து பற்றிய செய்தி வரும்போது, அது இவற்றுள் எந்தக் கேள்வி வரை விடை கண்டிருக்கிறது என்று பார்க்கப் பழகினால் போதும். கொரோனாவில் ஐவர்மெக்டின் மூன்றாம் கேள்வியிலேயே தடுமாறியது. நான்காம் கேள்விக்கு விடை வருவதற்கு முன்பே அது வீடுகளுக்குள் போய்விட்டது.